போர்டில் 489 கிலோ மீட்டர், ரோட்டில் எத்தனை? மின்சார எஸ்.யு.வி. கார் வாங்குவோர் கவனிக்க!

சென்னை:

"தம்பி, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும்?"

"489 கிலோ மீட்டர் சார்!"

கார் ஷோரூம்களில் இப்போது அன்றாடம் நடக்கும் பேச்சு இது. கேட்பவர் சந்தோஷப்படுகிறார். மனசுக்குள் கணக்குப் போடுகிறார். "சென்னையில் இருந்து மதுரை 460 கிலோ மீட்டர். ஆக, எங்கேயும் நிற்காமல் போய்விடலாம். மீதியும் 29 கிலோ மீட்டர் இருக்கும்!"

அந்தக் கணக்கை நம்பி மனைவி, மக்களுடன் புறப்பட்டால் என்ன ஆகும்?

மதுரை வராது. திருச்சியும் வராது. பெரம்பலூருக்கு முன்னாலேயே பேட்டரி காலியாகிவிடும்!

அப்படியானால் ஷோரூமில் சொன்னது பொய்யா?

பொய் இல்லை. அந்த எண் உண்மையாகவே சோதனை செய்து எடுத்த எண். ஆனால் அந்தச் சோதனை நடந்தது நெடுஞ்சாலையில் அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் 15 லட்சம், 20 லட்சம் என்று கொட்டிக் கொடுப்பவர்கள்தான் பாதி வழியில் தவிக்க வேண்டி வருகிறது.

இதோ முழு விவரம்:

காகிதத்தில் கொட்டும் கிலோ மீட்டர்

மின்சாரக் கார்களில் மேடான, பெட்டி போன்ற பெரிய கார்களுக்கு எஸ்.யு.வி. என்று பெயர். இந்தியாவில் விற்பனைக்கு வந்த சில கார்களின் பேட்டரி அளவையும், கம்பெனி சொன்ன தூரத்தையும் பாருங்கள்.

ஹூண்டாய் கோனா: 2019-ல் வந்தது. பேட்டரி 39.2 யூனிட். சொன்ன தூரம் 452 கி.மீ.

டாட்டா நெக்ஸான்: 2020-ல் வந்தது. 30.2 யூனிட். 312 கி.மீ.

மகிந்திரா எக்ஸ்.யு.வி. 400: 2023-ல் வந்தது. 39.4 யூனிட். 456 கி.மீ.

டாட்டா நெக்ஸான், பெரிய பேட்டரி: 2024 செப்டம்பரில் வந்தது. 45 யூனிட். 489 கி.மீ.

ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்: 2025 ஜனவரியில் வந்தது. நம்ம ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் செய்யப்படும் கார். 51.4 யூனிட். வந்தபோது சொன்ன தூரம் 473 கி.மீ.

இங்கே யூனிட் என்பது வேறு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வருகிற கரண்டு பில்லில் இருக்கிற அதே யூனிட்தான். பெட்ரோல் காருக்கு லிட்டர் என்றால் மின்சாரக் காருக்கு யூனிட். "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்கிற மாதிரி, "யூனிட்டுக்கு எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்க வேண்டும்.

456 கி.மீ. தூரத்தை 39.4 யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். யூனிட்டுக்கு பதினொன்றரை கிலோ மீட்டருக்கு மேல் வருகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் நூறில் போகும்போது அதில் பாதிதான் கிடைக்கும்.

சோதனை நடப்பது எப்படி?

புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்று ஒரு வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கம்பெனிகள் சொல்லும் தூரத்துக்குச் சான்று கொடுக்கும் இடங்களில் முக்கியமானது அது.

அங்கே காரை உருளைகளின் மேல் நிறுத்துகிறார்கள். சக்கரம் சுற்றும். கார் நகராது. குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டுகிறார்கள். இதற்கு எம்.ஐ.டி.சி. என்று பெயர். இந்தியச் சாலைக்காக வகுத்த ஓட்டச் சுற்று.

ஒரு சுற்றுக்கு 1,180 வினாடி. அதாவது 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஓடுகிற தூரம் பத்தரை கிலோ மீட்டருக்குச் சற்று மேல். சராசரி வேகம் எவ்வளவு தெரியுமா? மணிக்கு 32 கிலோ மீட்டர்!

சைக்கிளில் வேகமாக மிதிக்கிறவர் தொடுகிற வேகம் அது.

உச்ச வேகம் 90 கி.மீ. அதுவும் சில வினாடிகள்தான். ஏ.சி. போடுவது கிடையாது. எதிர்க் காற்று கிடையாது. மேடு கிடையாது. பின் சீட்டில் மாமியார் கிடையாது. டிக்கியில் அரிசி மூட்டையும் கிடையாது.

இந்தச் சுற்றில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதி நகருக்குள் ஓட்டுவதைப் போல. அதில் உச்ச வேகமே 50 கி.மீ.தான். சராசரி 19 கி.மீ. இரண்டாம் பகுதிதான் ஊருக்கு வெளியே ஓட்டுவதைப் போல.

அதே கார், குறைந்த எண்!

கொஞ்ச காலத்துக்கு முன்பு வரை மின்சாரக் கார்களுக்கு நகரப் பகுதிச் சோதனையை வைத்தே தூரத்தைச் சொல்லி வந்தார்கள். 2024-ல் இரண்டு பகுதிகளையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

என்ன நடந்தது?

டாட்டா பஞ்ச் என்னும் சின்ன எஸ்.யு.வி. காரின் பெரிய பேட்டரி ரகத்துக்கு முதலில் சொன்னது 421 கி.மீ. புதிய முறையில் அது 365 ஆனது. நெக்ஸான் காரின் சின்ன பேட்டரி ரகத்துக்கு 325 என்று இருந்தது 275 ஆனது.

கார் அதே கார். பேட்டரி அதே பேட்டரி. ஒரு ஆணி கூட மாறவில்லை. ஊருக்கு வெளியே ஓட்டும் பகுதியைச் சேர்த்த உடனே 50 கிலோ மீட்டருக்குக் குறையாமல் ஆவியாகிவிட்டது!

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். ஹூண்டாய் அயோனிக் 5 என்று ஒரு கார். 2023-ல் இந்தியாவுக்கு வந்தபோது, 72.6 யூனிட் பேட்டரியில் 631 கி.மீ. ஓடும் என்று சொன்னார்கள். ஐரோப்பாவில் அதே 72.6 யூனிட், அதே பின்சக்கர ஓட்டத்துக்குச் சொன்ன தூரம் அதிகபட்சம் 481 கி.மீ.தான்.

கப்பலில் வரும்போது பேட்டரி 150 கிலோ மீட்டர் வளர்ந்துவிட்டதா? இல்லை. ஐரோப்பாவின் சோதனை கடுமையானது. அரை மணி நேரம் ஓட்டுகிறார்கள். உச்ச வேகம் 131 கி.மீ. வரை போகிறது. பரீட்சை கஷ்டமானால் மார்க் குறையும். அவ்வளவுதான்.

கம்பெனியே சொல்லும் இரண்டாவது எண்

கம்பெனிகளுக்கு இது தெரியாதா? தெரியும். அவர்களே இப்போது இரண்டாவது எண் ஒன்றைச் சொல்கிறார்கள்.

டாட்டா கம்பெனி அதற்கு "சி-75" என்று பெயர் வைத்திருக்கிறது. காரை வாங்கியவர்களில் 100-க்கு 75 பேருக்கு நடைமுறையில் கிடைக்கிற தூரம் என்று அர்த்தம். 489 என்று சான்று வாங்கிய நெக்ஸானுக்குக் கம்பெனியே சொல்லும் சி-75 தூரம் 350 முதல் 370 கி.மீ. 585 என்று சான்று வாங்கிய கர்வ் காருக்கு 400 முதல் 425 கி.மீ.

மகிந்திரா கம்பெனி 2024 நவம்பர் 26-ந் தேதி நம்ம சென்னையில் இரண்டு கார்களை அறிமுகப்படுத்தியது. அதில் எக்ஸ்.இ.வி. 9இ என்ற கார், 79 யூனிட் பேட்டரியில் 656 கி.மீ. ஓடும் என்பது சான்று. நடைமுறையில் 500-க்கு மேல் கிடைக்கும் என்று கம்பெனியே சொன்னது.

இது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் இந்த இரண்டாவது எண்ணும் நகரம், நெடுஞ்சாலை இரண்டும் கலந்த எண். நூறில் போகிறவருக்கு இதிலும் குறையும்.

பெட்ரோல் காருக்கு நேர் எதிர்!

பெட்ரோல் கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "டவுனுக்குள் லிட்டருக்கு 12 கொடுக்கும். ஹைவேயில் விட்டால் 18 கொடுக்கும்" என்பார்கள்.

மின்சாரக் காரில் இது தலைகீழ். டவுனில் அதிகம். ஹைவேயில் குறைவு.

காரணம் என்ன?

பெட்ரோல் என்ஜின் ஒரு ஊதாரி. குடிக்கிற பெட்ரோலில் பெரும் பங்கை வெப்பமாக வெளியே விட்டுவிடும். சிக்னலில் சும்மா நிற்கும்போதும் குடிக்கும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போதுதான் கொஞ்சம் ஒழுங்காக வேலை செய்யும்.

மின்சார மோட்டார் சிக்கனக்காரன். சிக்னலில் நின்றால் மோட்டாருக்குச் செலவு இல்லை. பிரேக் போட்டால், ஓடுகிற காரின் வேகத்தையே மின்சாரமாக்கி மறுபடி பேட்டரிக்குள் போட்டுக்கொள்ளும். அண்ணா சாலையில் நின்று நின்று போகிறவருக்கு இதனால் லாபம்.

நெடுஞ்சாலையில் பிரேக் போடுவது குறைவு. திரும்பி வரும் மின்சாரமும் குறைவு. அங்கே செலவு மட்டும்தான்.

இன்னொரு கணக்கு சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய சக்தி சுமார் 9 யூனிட். அப்படிப் பார்த்தால் 45 யூனிட் பேட்டரி என்பது 5 லிட்டர் பெட்ரோல்! அந்த 5 லிட்டரை வைத்துக்கொண்டு 200 கிலோ மீட்டருக்கு மேல் ஓடுவதே பெரிய சாமர்த்தியம். ஆனால் கையில் இருப்பது சின்ன முதல். எந்தச் செலவு கூடினாலும் உடனே கண்ணில் தெரியும்.

பேட்டரியைத் தின்னும் பூதம்: காற்று!

நெடுஞ்சாலையில் பேட்டரியைக் காலி செய்வது முக்கியமாகக் காற்றுதான்.

ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியவர்களுக்குத் தெரியும். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகம் பிடித்ததும் காற்று கையைப் பின்னால் தள்ளும். கார் முழுவதையும் காற்று அப்படித்தான் தள்ளுகிறது.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். 80-ல் இருந்து 100-க்குப் போனால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். எஸ்.யு.வி. கார் உயரமானது, அகலமானது. தாழ்வான காரை விட அதிகக் காற்றை முட்டித் தள்ள வேண்டும்.

45 யூனிட் பேட்டரி உள்ள ஒரு நடுத்தர எஸ்.யு.வி. என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், பெட்டி படுக்கை, ஏ.சி., சமமான சாலை. எடை, காற்றுத் தடை, டயர் உராய்வு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட தோராயக் கணக்கு இது. காருக்குக் கார் கொஞ்சம் கூடும், குறையும்.

வேகம் 60: யூனிட்டுக்கு 8 கி.மீ. பேட்டரி காலியாகும் வரை 360 கி.மீ.

வேகம் 80: யூனிட்டுக்கு 6.7 கி.மீ. மொத்தம் 300 கி.மீ.

வேகம் 90: யூனிட்டுக்கு 6 கி.மீ. மொத்தம் 270 கி.மீ.

வேகம் 100: யூனிட்டுக்கு 5.4 கி.மீ. மொத்தம் 240 கி.மீ.

வேகம் 120: யூனிட்டுக்கு 4.3 கி.மீ. மொத்தம் 190 கி.மீ.

பார்த்தீர்களா? 60-ல் போகிறவருக்குக் கிடைப்பதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் 120-ல் போகிறவருக்குக் கிடைக்கிறது.

சென்னை – திருச்சி: ஒரு குடும்பத்தின் கணக்கு

சென்னையில் இருந்து திருச்சி சுமார் 330 கி.மீ. மறுநாள் காலையில் முகூர்த்தம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி 100 சதவீதம் ஆகிவிட்டது.

பெட்ரோல் காரில் முள் சிவப்புக்கு வந்தாலும் தைரியமாக ஓட்டுவோம். அடுத்த பங்க் பக்கத்தில்தான் இருக்கும். மின்சாரக் காரில் அந்தத் தைரியம் கூடாது. கடைசி 10 சதவீதத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

ஆக, 45 யூனிட்டில் நாலரை யூனிட் கைக்காப்பு. மீதி நாற்பதரை யூனிட்.

நூறில் போனால் அது சுமார் 218 கி.மீ. வரும். அதாவது உளுந்தூர்பேட்டை. சென்னையில் இருந்து சுமார் 200 கி.மீ. அங்கே நின்றே ஆக வேண்டும்.

வேகமாகச் சார்ஜ் ஏற்றும் மெஷின் அங்கே காலியாக இருந்தால் கவலை இல்லை. 50 கிலோவாட் மெஷின் முழு வேகத்தில் கொடுத்தால் 10 சதவீதத்தில் இருந்து 80 சதவீதம் ஏற 40 நிமிடம். நடைமுறையில் ஒரு மணி நேரம் கூட ஆகலாம். அதற்குள் டிபன், காபி முடிந்துவிடும்.

80-க்கு மேல் ஏற்றக் காத்திருப்பது வீண். பஸ்ஸில் கூட்டம் ஏற ஏறக் கடைசி ஆளை ஏற்ற நேரமாகும் இல்லையா? பேட்டரியும் அப்படித்தான். கடைசி 20 சதவீதம் ஏற, முதல் பகுதிக்கு ஆன நேரம் அளவுக்கு இழுத்துவிடும்.

10-க்கும் 80-க்கும் இடையே கிடைப்பது முப்பத்தொன்றரை யூனிட். நூறில் அது 170 கி.மீ. முதல் நிறுத்தத்தில் இருந்து ஒவ்வொரு தடவையும் கையில் உள்ள தூரம் இதுதான். போர்டில் 489. சாலையில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் 170!

திருச்சிக்கு ஒரு நிறுத்தம் போதும். மதுரைக்கு இரண்டு நிறுத்தம்.

மெஷின் வேலை செய்யாவிட்டால்?

இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

நம்பிப் போன இடத்தில் மெஷின் பழுது. அல்லது ஏற்கனவே இரண்டு கார் நிற்கிறது. அல்லது இரண்டு கார்களுக்கும் ஒரே மெஷின் மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. ஏற்றும் வேகம் பாதியாகிவிட்டது. பொங்கல், தீபாவளிக்கு முந்திய நாள் என்றால் சொல்லவே வேண்டாம்.

அப்போது கையில் இருப்பது 10 சதவீதம். நூறில் போனால் 24 கி.மீ. மெதுவாகப் போனால் 30, 35 கி.மீ. அடுத்த மெஷின் அதற்குள் இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால்?

கேனில் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றுகிற கதை இங்கே நடக்காது. கயிறு கட்டி இழுத்துப் போகவும் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், கெட்டுப்போகும். காரைத் தூக்கி வைத்துக்கொண்டு போகும் லாரிதான் வர வேண்டும். நடு ராத்திரியில், குழந்தை குட்டிகளுடன் லாரிகள் பறக்கும் சாலை ஓரத்தில் நிற்பது சாதாரண விஷயம் இல்லை.

தேசிய நெடுஞ்சாலையில் அப்படி ஒரு நிலைமை வந்தால் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது நெடுஞ்சாலை உதவி எண். எந்த கார் வைத்திருப்பவரும் குறித்துக்கொள்ள வேண்டிய எண்.

வேகத்தைக் குறைத்தால் என்ன லாபம்?

அதே குடும்பம் 80-ல் போனால் முதல் கட்டத்தில் 218-க்குப் பதில் 270 கி.மீ. கிடைக்கும். 50 கிலோ மீட்டருக்கு மேல் கூடுதல்! உளுந்தூர்பேட்டையில் மெஷின் பழுது என்றாலும் பதற வேண்டாம். அடுத்த ஊர் வரை போகலாம்.

நேரம்? மெஷின் காலியாக இருந்தால் நூறில் போகிறவர்தான் முன்னால் போய்ச் சேருவார். திருச்சிக்கு ஓட்டுகிற நேரத்தில் 50 நிமிடம் அளவு மிச்சம். சார்ஜ் ஏற்ற அவருக்கு ஒரு கால் மணி நேரம் அதிகமாகும். கூட்டிக் கழித்தால் அரை மணி நேர லாபம்.

ஆகவே எப்போதும் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து போக வேண்டும் என்பதில்லை. மெஷின் நிச்சயம் என்று தெரிந்தால் வேகம். சந்தேகம் என்றால் 80. வேக எல்லைப் பலகையை மட்டும் இரண்டிலும் மறக்கக்கூடாது.

ஏ.சி.யை அணைக்கலாமா?

சார்ஜ் குறைந்ததும் நிறையப் பேர் முதலில் செய்கிற காரியம், ஏ.சி.யை அணைப்பது. கத்திரி வெயிலில் குழந்தைகள் வேர்த்து நனையும். கிடைப்பது என்ன?

ஏ.சி. மணிக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட் வரை இழுக்கும். நூறில் போகும்போது ஏ.சி.யை அணைத்தால் முதல் கட்டத்தில் சுமார் 20 கி.மீ. கூடும். ஏ.சி.யைத் தொடாமல் வேகத்தை 100-ல் இருந்து 90-க்குக் குறைத்தால் சுமார் 25 கி.மீ. கூடும்!

வேர்க்காமலே அதிகத் தூரம். எது மேல்?

ஒரே ஒரு இடத்தில் ஏ.சி. கணக்கு மாறும். ஏ.சி.க்குச் செலவு மணிக்கணக்கில். கிலோ மீட்டர் கணக்கில் இல்லை. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே பண்டிகை நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்றால், கார் நகராமலே 3 யூனிட் போய்விடும். நூறில் அது 16 கி.மீ. தூரம்.

ஆடிக் காற்றும் கொடைக்கானலும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மின்சாரக் காருக்கு ஆடிக் காற்று ஒரு பரீட்சை. நெல்லையில் இருந்து நாகர்கோவில் போகிற வழியில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றனவே, சும்மாவா? அங்கே 20 கி.மீ. வேகத்தில் எதிர்க் காற்று அடித்தால், 80-ல் போகிற கார் 100-ல் போகிற காரின் காற்றுத் தடையைச் சுமக்க வேண்டும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளிவிடும்.

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானலுக்கு ஏறும் உயரம் சுமார் 1,800 மீட்டர். நான்கு பேருடன் காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் தனியாகச் சுமார் 10 யூனிட் ஆகும். சமதளத்தில் 60 கி.மீ. ஓட்டுகிற மின்சாரம் அது.

இறங்கும்போது அதில் நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பி வரும். ஆனால் மலை மேலே தங்கி 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் திரும்பி வருவதைப் போட இடம் இருக்காது. ஆகவே மேலே முழுக்க ஏற்ற வேண்டாம்.

கூரை மேல் கேரியர் கட்டினால் காற்றுத் தடை கூடும். டயரில் காற்று குறைந்தாலும் செலவு கூடும். கொட்டும் மழையில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடும்போதும் தூரம் குறையும்.

வயதான பேட்டரியும் அப்படியே. வருஷங்கள் ஆக ஆக அதில் கொள்கிற யூனிட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

யாருக்கு லாபம்?

இவ்வளவையும் படித்துவிட்டு, "மின்சாரக் காரே வேண்டாம்" என்று முடிவு கட்ட வேண்டாம்.

தினமும் 40 கி.மீ. ஆபீசுக்குப் போய் வருகிறவர், வீட்டில் பிளக் இருக்கிறவர், வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போகிறவர் — இவருக்கு இந்தக் கார் அருமையான கார். வாரம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் போதும்.

வாரம் தவறாமல் சென்னை, கோவை என்று 500 கி.மீ. விரட்டுகிற வியாபாரிக்கு யோசனை வேண்டும். அவர் பெரிய பேட்டரி பக்கம் போகலாம். 79 யூனிட் பேட்டரியில் யூனிட்டுக்கு 5 முதல் 6 கி.மீ. என்று வைத்தாலும் 395 முதல் 474 கி.மீ. வரும். விலையும் அதற்கு ஏற்ப ஏறும்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு கேள்வி உண்டு. அங்கே பிளக் இருக்கிறதா? 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். இரவு 10 மணி நேரம் போட்டால் 30 யூனிட். காலையில் திரும்பலாம். ஆனால் பழைய வீட்டு வயரிங், எர்த் இல்லாத பிளக் என்றால் ஆபத்து. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

வாங்கும் முன் கேளுங்கள்!

ஷோரூமில் வெட்கப்படாமல் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்:

1. சான்று தூரம் சரி. நடைமுறையில் கிடைக்கும் தூரம் எவ்வளவு?

2. ஒரே சீராக நூறில் போனால் யூனிட்டுக்கு எத்தனை கி.மீ.?

3. 10 சதவீதத்தில் இருந்து 80 வரை ஏற எத்தனை நிமிடம்? எத்தனை கிலோவாட் மெஷினில்?

4. பேட்டரி எத்தனை வருஷத்தில் எத்தனை சதவீதம் குறைந்தால் மாற்றித் தருவீர்கள்?

பதில் சரியாக வராவிட்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது தெருவைச் சுற்றி வந்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். பைபாஸுக்குக் கொண்டு போங்கள். டிரிப் மீட்டரைச் சைபர் ஆக்குங்கள். ஏ.சி. போட்டு, நாலு பேரை ஏற்றி, நீங்கள் ஊருக்குப் போகிற வேகத்தில் 20 கி.மீ. ஓட்டுங்கள்.

திரையில் கி.மீ.க்கு எத்தனை வாட்-ஹவர் என்று காட்டும். 1,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் யூனிட்டுக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். 185 காட்டினால் 5.4. அதைப் பேட்டரி யூனிட்டால் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் உங்கள் முதல் கட்டத் தூரம் கையில்!

போர்டில் வேண்டும் இன்னொரு எண்

அரிசி மூட்டையில் எடை போட வேண்டும். மருந்து அட்டையில் தேதி போட வேண்டும். அதேபோல மின்சாரக் காரின் விளம்பரத்திலும், ஷோரூம் போர்டிலும் "நூறு கிலோ மீட்டர் வேகத்தில், ஏ.சி.யுடன் இத்தனை கி.மீ." என்று ஒரு எண் கட்டாயம் இருக்க வேண்டும். சான்று எண்ணை விட அது சின்னதாக இருக்கும். ஆனால் வாங்குகிறவரை நடு ரோட்டில் நிறுத்தாது.

அந்த எண் வரும் வரைக்கும் ஒரு சுலபமான கணக்கை மனசில் வையுங்கள். போர்டில் எத்தனை எழுதி இருக்கிறதோ, அதில் பாதியை நெடுஞ்சாலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 489 என்றால் 240. 473 என்றால் 235. அந்தத் தூரத்துக்குள் ஒரு சார்ஜ் மெஷினையும், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இன்னொன்றையும் குறித்து வைத்துக்கொண்டு வண்டியை எடுங்கள்.

முகூர்த்தத்துக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம்!